சி கம்பைலரின் பிழைச் செய்தியையும் டைப் செக்கிங்கையும் மேம்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான் எழுதிய முதல் சி கம்பைலர் சரியான நிரலைச் சரியாகவே மொழிபெயர்த்தது. தவறான நிரலைக் கொடுத்தால் மட்டும் ஒரே பதில்: "வரி 118: சின்டாக்ஸ் பிழை". 118-ஆவது வரியை எத்தனை முறை படித்தாலும் அதில் ஒரு குறையும் தென்படாது. வேறொரு ஹெடர் ஃபைலின் கடைசியில் ஸ்ட்ரக்டை மூடிவிட்டு செமிகோலன் போட மறந்திருப்பேன். கம்பைலருக்குக் குழப்பம் வந்த இடம் 118, நான் தவறிய இடம் அந்த ஹெடர். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

பல மாதம் இதில் உழன்ற பிறகு எனக்குப் பிடிபட்டது இது: செய்தியின் வாசகத்தைத் திருத்தித் திருத்திப் பயனில்லை. புரோகிராமர் எழுதியது என்ன, எங்கே எழுதினார், எந்தப் பெயரில் எழுதினார் என்ற தகவலைக் கம்பைலர் வழியிலேயே தொலைத்துவிட்டால், கடைசியில் எவ்வளவு அழகாக எழுதினாலும் சொல்ல ஒன்றும் இருக்காது. கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு தகவலைக் கடைசிவரை பத்திரமாகக் கொண்டுபோவதைப் பற்றியதே.

எடுத்துக்காட்டுகளில் இன்ட், சார், கான்ஸ்ட் போன்ற சி குறிச்சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே லெக்ஸரும் (நிரலை டோக்கன் என்ற சிறு துண்டுகளாகப் பிரிப்பது) பார்சரும் (டோக்கன்களிலிருந்து நிரலின் அமைப்பை ஒரு மரமாகக் கட்டுவது) உள்ள ஒரு சிறிய கம்பைலர் உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: இடத்தை டோக்கனோடு கட்டிவையுங்கள்

டோக்கனைப் பிரிக்கும்போதே அது எந்த ஃபைலில், எந்த பைட்டில் தொடங்கி எந்த பைட்டில் முடிகிறது என்று பதிந்துவிடுங்கள். வரி எண்ணை மட்டும் வைத்தால் போதாது. நீளமான ஒரு வரியில் ஐந்து ஃபங்ஷன் அழைப்புகள் இருந்தால் எந்த ஆர்கியுமென்ட் தவறு என்று காட்ட வழியே இல்லாமல் போகும்.

இடம் அதிகம் பிடிக்குமே என்று பயப்பட வேண்டாம். எல்லா ஃபைல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய ஒரே நாடாவாகப் பாவித்து, அதில் எத்தனையாவது பைட் என்று ஒரு 32 பிட் எண்ணில் குறித்தால் முடிந்தது. கிளாங் என்ற பிரபல சி கம்பைலர் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. வரி எண்ணும் பத்தி எண்ணும் செய்தி அச்சிடும்போது மட்டும் தேவை. ஒவ்வொரு ஃபைலுக்கும் வரிகள் தொடங்கும் இடங்களின் பட்டியலை வைத்திருந்தால் பைனரி சர்ச்சில் கிடைத்துவிடும்.

பார்சர் கட்டும் மரத்தில் உள்ள எக்ஸ்பிரஷன் நோடுகளில் மூன்று இடங்களை வையுங்கள்: தொடக்கம், முடிவு, ஆபரேட்டர் இருக்கும் இடம். 'அ + ப' தவறென்றால் அம்புக்குறி கூட்டல் குறியைச் சுட்ட வேண்டும், அடிக்கோடு இரண்டு பக்கமும் ஓட வேண்டும். மேக்ரோவிலிருந்து வந்த டோக்கனுக்கு இரண்டு இடங்கள் உண்டு: மேக்ரோவின் வரையறையில் எழுதப்பட்ட இடம், நிரலில் விரிந்த இடம். முதன்மைச் செய்தி விரிந்த இடத்தைச் சுட்டட்டும், வரையறை ஒரு குறிப்பாகக் கீழே வரட்டும். மாற்றிச் செய்தால் படிப்பவர் தான் எழுதாத ஒரு ஹெடருக்குள் போய் நிற்பார்.

அம்புக்குறியில் ஒரு நுட்பம் இருக்கிறது. இன்னொரு பெரிய சி கம்பைலரான ஜிசிசியில், 10-ஆவது பதிப்பு (2020) வந்த பிறகு யுடிஎஃப்-8 எழுத்துகளை நேரடியாகவே மாறிப் பெயர்களில் எழுதலாம். கமென்ட்டிலும் ஸ்ட்ரிங்கிலும் அவை எப்போதுமே இருந்தன. 'கோ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யுடிஎஃப்-8-இல் அது 6 பைட், யூனிகோடில் 2 குறியீடு, கண்ணுக்கு 1 எழுத்து. பைட்டை எண்ணி இடைவெளி விட்டு அடுத்த வரியில் அம்புக்குறி போட்டால் அது எங்கோ வலப்புறம் போய் விழும். எழுத்தின் அகலத்தை எல்லா டெர்மினல்களும் ஒரே மாதிரி காட்டுவதும் இல்லை. அதனால் ஆஸ்கிக்கு வெளியே உள்ள எழுத்து அந்த வரியில் இருந்தால், நிரல் வரியிலேயே அந்தப் பகுதிக்கு நிறம் கொடுத்துக் காட்டிவிடுவது பாதுகாப்பானது. எடிட்டருக்கு அனுப்பும் வடிவத்தில் பைட் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.

படி 2: எல்லாச் செய்தியும் ஒரே வாசல் வழியாக

கம்பைலர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பிரிண்ட்எஃப்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு ரிப்போர்ட் ஃபங்ஷனை எழுதுங்கள். கடுமை, செய்தியின் அடையாளப் பெயர், முதன்மை இடம், அடிக்கோடிட வேண்டிய பகுதிகள், கூடுதல் குறிப்புகள், திருத்தப் பரிந்துரை ஆகியவற்றை அது வாங்கிக்கொள்ள வேண்டும். இது அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் அடுத்த படிகளுக்குப் போகாதீர்கள்.

படி 3: பார்சர் விழுந்தால் எழுந்து நிற்கட்டும்

யாக் வகைக் கருவி உருவாக்கிய பார்சரில் நல்ல செய்தி தருவது கடினம். 'எந்த நிலையில் எந்த டோக்கன் வந்தது' என்பது மட்டுமே அதற்குத் தெரியும், 'நான் இப்போது ஃபார் லூப்பின் நடுப்பகுதியைப் படித்துக்கொண்டிருக்கிறேன்' என்பது தெரியாது. ஜிசிசி தன் சி பார்சரை 4.1 பதிப்பில் (2006) கையால் எழுதிய ரிகர்சிவ் டிசென்ட் பார்சருக்கு (ஒவ்வொரு இலக்கண விதிக்கும் ஒரு ஃபங்ஷன்) மாற்றியது. உங்கள் கம்பைலர் சிறியது என்றால் நீங்களும் மாற்றிவிடுங்கள், உழைப்பு வீண்போகாது.

செமிகோலன் விடுபடுவதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், அடிக்கடி நடப்பது அதுதான். செமிகோலனை எதிர்பார்த்த இடத்தில் வேறு டோக்கன் வந்தால், அந்த வேறு டோக்கனைச் சுட்டாதீர்கள். முந்தைய டோக்கன் முடியும் இடத்தைச் சுட்டுங்கள். பிறகு செமிகோலன் இருந்ததாகவே எண்ணிக்கொண்டு மேலே போங்கள். இந்த ஒரு மாற்றம் மட்டுமே எனக்கு வந்த குழப்பங்களில் பெரும்பகுதியைத் தீர்த்தது.

ஸ்ட்ரக்ட் வரையறைக்குத் தனிக் கவனிப்பு தேவை. மூடும் பிரேஸுக்குப் பிறகு ஒரு மாறியின் பெயர் வரலாம் என்று சி அனுமதிப்பதால் பார்சர் காத்துக்கொண்டே இருக்கும். அடுத்த வரியில் 'இன்ட் மெயின்' வந்ததும் 'ஒரே அறிவிப்பில் இரண்டு டைப்' என்று அலறும். பிரேஸுக்குப் பிறகு புதிய வரியில் ஒரு டைப் குறிச்சொல்லோ, ஸ்டாட்டிக் போன்றதோ, டைப்டெஃப் பெயரோ (ஒரு டைப்புக்கு இட்ட மாற்றுப் பெயர்) வந்தால், அது விடுபட்ட செமிகோலன் என்றே முடிவெடுங்கள். அடுத்த டோக்கன் வேறு ஃபைலில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். என் 118-ஆவது வரிக்குத் தீர்வு இதுதான்.

பிரேஸ் விடுபடுவது இதைவிடக் கடினம். திறந்த ஒவ்வொரு பிரேஸும் இருக்கும் வரியின் இன்டென்டேஷனை ஒரு ஸ்டாக்கில் வையுங்கள். மூடும் பிரேஸ் வேறு ஆழத்தில் இருந்தால் அதை உடனே சொல்லாமல் சந்தேகமாக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபைல் முடிந்தும் கணக்கு நேராகவில்லை என்றால், அப்போது முதல் சந்தேகத்தைக் குறிப்பாகக் காட்டுங்கள். சி-யில் ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் எழுத முடியாது என்பதும் உதவும். ஒரு பிளாக்கின் நடுவில் முழு ஃபங்ஷன் வரையறை தொடங்கினால், அதற்கு மேலே எங்கோ ஒரு பிரேஸ் மூடப்படவில்லை.

மற்ற நேரங்களில் பழைய வழிதான்: அடுத்த செமிகோலன் அல்லது மூடும் பிரேஸ்வரை தள்ளிவிட்டுப் போவது. தள்ளும்போது உள்ளே திறக்கும் அடைப்புகளை எண்ண மறக்காதீர்கள்.

சி-க்கே உரிய சிக்கல் ஒன்றும் இங்கே வரும். டைப்டெஃப் பெயரும் மாறிப் பெயரும் லெக்ஸருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். 'நபர் அ;' என்று வந்து 'நபர்' அறிவிக்கப்படாமல் இருந்தால், இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வருவது எந்த எக்ஸ்பிரஷனிலும் செல்லாது என்பதால், இதை அறிவிப்பாகவே எடுத்துக்கொண்டு "'நபர்' என்ற டைப் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். அதே பெயரில் ஸ்ட்ரக்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் "'ஸ்ட்ரக்ட் நபர்' என்று எழுத வேண்டும்" என்ற பரிந்துரையோடு முடித்துவிடலாம்.

படி 4: பிழைக்கென்று ஒரு டைப்

ஒரு தவறுக்கு நாற்பது செய்திகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அறிவிக்காத ஒரு மாறியை இன்ட் என்று ஊகித்துக்கொண்டு கம்பைலர் நகர்ந்ததுதான் காரணம். பிறகு அதைப் பாயிண்டராகப் பயன்படுத்திய ஒவ்வொரு இடமும் புதுப் பிழையாகத் தெரியும்.

'பிழை டைப்' என்று தனி டைப் ஒன்றை உருவாக்குங்கள். விதி எளிது: எந்தச் செயலிலும் ஒரு பக்கம் பிழை டைப் இருந்தால், விளைவும் பிழை டைப், செய்தி எதுவும் கிடையாது. அறிவிக்காத பெயரைப் பற்றி முதல் முறை சொன்னதும், அந்தப் பெயரைப் பிழை டைப்போடு சிம்பல் டேபிளில் (தெரிந்த பெயர்களின் பட்டியலில்) சேர்த்துவிடுங்கள். ஜிசிசியும் அறிவிக்காத பெயரை ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு முறைதான் சொல்லும். பிழை டைப்பை எங்கே மறந்தீர்கள் என்பது சோதனையில் தானாகத் தெரியும், ஏனென்றால் அங்கேதான் செய்தி பெருகும்.

படி 5: டைப்புக்கு இரண்டு முகம்

புரோகிராமர் 'சைஸ்_டி' என்று எழுதியிருப்பார். கம்பைலர் அதை உடனே கரைத்துவிட்டு 'அன்சைன்ட் லாங்' பொருந்தவில்லை என்று சொன்னால், அவர் தன் நிரலில் அன்சைன்ட் லாங்கைத் தேடிக்கொண்டிருப்பார். 64 பிட் விண்டோஸில் அது 'அன்சைன்ட் லாங் லாங்', 64 பிட் லினக்ஸில் 'அன்சைன்ட் லாங்'. ஒரே நிரலுக்கு இரண்டு இடங்களில் இரண்டு விதமான செய்தி.

ஒவ்வொரு டைப்பிலும் எழுதியபடி உள்ள வடிவத்தையும், டைப்டெஃப்கள் எல்லாம் கரைந்த மூல வடிவத்தையும் சேர்த்து வையுங்கள். ஒப்பிடும்போது மூல வடிவம், அச்சிடும்போது எழுதிய வடிவம். இரண்டும் வேறாக இருந்தால் "'சைஸ்_டி', அதாவது 'அன்சைன்ட் லாங்'" என்று இரண்டையும் காட்டுங்கள். ஒப்பீடு பாயிண்டர் சமத்துவம் அளவுக்கு வேகமாகவும் ஆகிவிடும்.

படி 6: மறைமுக மாற்றங்களை மரத்தில் எழுதுங்கள்

டைப் செக்கிங்கின், அதாவது டைப்புகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதன், உயிர்நாடி இங்கேதான். சி-யில் நீங்கள் எழுதாத மாற்றங்கள் எங்கும் நடக்கின்றன. அர்ரே பாயிண்டராகச் சுருங்கும். ஃபங்ஷன் பெயர் ஃபங்ஷன் பாயிண்டராகும். சார், ஷார்ட் போன்ற சிறிய முழு எண்கள் இன்ட்டாக உயரும். அதன் பிறகு இரண்டு பக்கமும் பொதுவான ஒரு டைப்புக்கு வரும். இவற்றைக் கோட் ஜெனரேட்டரில் அங்கங்கே செய்யாமல், ஒவ்வொன்றையும் 'மறைமுக மாற்றம்' என்ற நோடாக மரத்தில் நுழைத்துவிடுங்கள். நோடில் காரணத்தையும் குறியுங்கள்: சுருக்கமா, உயர்வா, பொது டைப்பாக்கமா, அசைன்மென்ட்டா.

காரணம் இருந்தால் என்ன சொல்ல முடியும் என்று பாருங்கள். 'ஐ' ஒரு இன்ட், அதன் மதிப்பு -1. 'ஐ < சைஸ்ஆஃப்(பட்டியல்)' என்ற ஒப்பீடு பொய்யாகிவிடும். ஐ அன்சைன்ட்டாக மாறிப் பிரம்மாண்டமான எண்ணாகிவிடுவதே காரணம். மரத்தில் மாற்ற நோடு இருப்பதால் செய்தி இப்படி வரலாம்:

வார்னிங்: ஒப்பீட்டின் இருபுறமும் குறி வேறு
  குறிப்பு: இடப்புறம் 'இன்ட்', ஒப்பிடுவதற்காக 'சைஸ்_டி'யாக மாறுகிறது, எதிர்ம மதிப்பு பெரிய நேர்ம எண்ணாகும்

இரண்டாவது வரிதான் கற்றுக்கொடுக்கும் வரி. மாற்றத்தை மரத்தில் எழுதாத கம்பைலரால் அதைச் சொல்ல முடியாது.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. 16 பிட் அன்சைன்ட் ஷார்ட் இரண்டைப் பெருக்கினால் விளைவு அன்சைன்ட் என்றே நினைப்போம். ஆனால் 32 பிட் இன்ட்டில் ஷார்ட்டின் எல்லா மதிப்பும் அடங்குவதால் இரண்டும் சைன்ட் இன்ட்டாக உயர்கின்றன. 65535 × 65535 = 4294836225. இன்ட்டின் உச்சம் 2147483647. இது சைன்ட் ஓவர்ஃப்ளோ, சி மொழியின் தரநிலைப்படி வரையறுக்கப்படாத நடத்தை. இரண்டு பக்கமும் 'உயர்வு' நோடு, மேலே பெருக்கல் என்ற வடிவம் மரத்தில் தெரிந்தால் வார்னிங் எழுதப் பத்து வரி போதும்.

விதிவிலக்குகளை முதலிலேயே எழுதிவிடுங்கள். சைஸ்ஆஃபுக்குள்ளும் முகவரி ஆபரேட்டருக்குக் கீழேயும் அர்ரே சுருங்காது. சார் அர்ரேக்குத் தொடக்க மதிப்பாக வரும் ஸ்ட்ரிங்கும் சுருங்காது. சைஸ்ஆஃபில் இதை மறந்தால் அர்ரேயின் அளவுக்குப் பதில் பாயிண்டரின் அளவான 8 வரும், ஒரு செய்தியும் வராது.

படி 7: அசைன்மென்ட் பொருத்தத்துக்கு ஒரே நடுவர்

அசைன்மென்ட், தொடக்க மதிப்பு, ஃபங்ஷன் ஆர்கியுமென்ட், ரிட்டர்ன் ஆகிய நான்கு இடங்களிலும் பொருத்த விதி ஒன்றுதான். நான்கு இடத்திலும் தனித்தனியாக எழுதியிருந்தால் ஒன்றாக்குங்கள். அந்த ஃபங்ஷன் 'ஆம், இல்லை' என்று மட்டும் சொல்லக் கூடாது. பொருந்துகிறது, கான்ஸ்ட் தொலைகிறது, குறி மட்டும் வேறு, பாயிண்டர் சுட்டும் டைப் வேறு, இன்ட்டும் பாயிண்டரும் கலக்கின்றன, ஒன்றுமே பொருந்தவில்லை என்று வகைப்படுத்தித் தர வேண்டும். எந்த இடத்திலிருந்து அழைத்தோம் என்பதை அழைத்தவர் சேர்த்துக்கொள்வார். "2-ஆவது ஆர்கியுமென்ட்டில் கான்ஸ்ட் தொலைகிறது, பாராமீட்டர் இங்கே அறிவிக்கப்பட்டது" என்று செய்தி பிறக்கும்.

நல் பாயிண்டருக்குக் கவனம் தேவை. பாயிண்டருக்கு 0 கொடுக்கலாம், ஆனால் அந்த 0 கம்பைல் நேரத்திலேயே தெரியும் முழு எண் மாறிலியாக இருக்க வேண்டும். ஓடும்போது 0 ஆகும் ஒரு மாறி இதில் சேராது.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 'சார் *' டைப்பை 'கான்ஸ்ட் சார் *'க்குக் கொடுக்கலாம். அப்படியானால் 'சார் **' டைப்பை 'கான்ஸ்ட் சார் **'க்குக் கொடுத்தால் என்ன? கூடாது. காரணம் இது:

கான்ஸ்ட் சார் க = 0;
சார் *ப;
கான்ஸ்ட் சார் **பப = &ப;   // இதை விட்டுவிட்டால்
*பப = &க;   // இது முறையானது
*ப = 1;   // க மாறிவிட்டது

மூன்றாவது வரியைத் தவிர மற்ற எல்லாமே முறையானவை. அந்த ஒரு வரியை அனுமதித்தால் காஸ்ட் (டைப்பை வலிந்து மாற்றுவது) எதுவும் இல்லாமலே கான்ஸ்ட் உடைந்துவிடும். அதனால் கூடுதல் கான்ஸ்டை முதல் சுட்டலில் மட்டும் அனுமதியுங்கள். அதற்குக் கீழே இரண்டு பக்கமும் அப்படியே பொருந்த வேண்டும். செய்தியில் எந்த அடுக்கில் வேறுபாடு என்று குறிப்பிடுங்கள். வெறுமனே "பாயிண்டர் டைப் பொருந்தவில்லை" என்றால் நல்ல புரோகிராமர்கூட ஒரு காஸ்ட்டைப் போட்டு வாயை அடைத்துவிட்டுப் போய்விடுவார்.

எது பிழை, எது வார்னிங்? தரநிலையின் கட்டுப்பாட்டை மீறினால் ஏதேனும் ஒரு செய்தி வந்தே ஆக வேண்டும், ஆனால் அது வார்னிங்காகவும் இருக்கலாம். பழைய நிரல்கள் நின்றுவிடக் கூடாதே என்று பல ஆண்டுகள் பெரிய கம்பைலர்கள் வார்னிங்கோடு விட்டுவந்தன. அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை சி99 தரநிலை நீக்கிவிட்டது. என்றாலும் கிளாங் 16-உம் (2023) ஜிசிசி 14-உம் (2024) வந்தபோதுதான் அது இயல்பாகவே பிழையானது. ஜிசிசி 14 இன்ட்–பாயிண்டர் கலப்பையும், பொருந்தாத பாயிண்டர் அசைன்மென்ட்டையும் அதே பட்டியலில் சேர்த்தது. புதிதாக எழுதுபவர் நீங்கள், முதல் நாளிலிருந்தே இவற்றைப் பிழையாக்குங்கள். பாயிண்டரைத் திருப்பித் தரும் ஃபங்ஷனை அறிவிக்காமல் அழைத்தால், பழைய விதிப்படி அது இன்ட் தருவதாக ஊகிக்கப்படும். 64 பிட் இயந்திரத்தில் முகவரியின் மேல் 32 பிட் அறுந்துபோகும். நிரல் வேறெங்கோ விழும். அதைத் தேடும் துன்பத்தை ஒரு வரிப் பிழைச் செய்தி மிச்சப்படுத்துகிறது.

படி 8: பிரிண்ட்எஃப் வகை ஃபங்ஷன்கள்

புள்ளிகளில் முடியும் பாராமீட்டர் பட்டியலில் டைப் செக்கருக்குக் கண் இல்லை. ஃபார்மேட் ஸ்ட்ரிங் மாறிலியாக இருந்தால் அதை நீங்களே படித்து ஆர்கியுமென்ட்களோடு ஒப்பிடுங்கள். ஃப்ளோட் இங்கே டபுளாகவும், சாரும் ஷார்ட்டும் இன்ட்டாகவும் உயர்ந்தே வரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். படி 5-இல் காத்த எழுதிய வடிவம் இங்கே மீண்டும் கைகொடுக்கிறது: ஆர்கியுமென்ட் 'சைஸ்_டி' என்று எழுதப்பட்டிருந்தால் அதற்கே உரிய '%இசட்யு'வைப் பரிந்துரைக்கலாம், இந்த இயந்திரத்துக்கு மட்டும் பொருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டியதில்லை.

படி 9: 'இதைச் சொன்னீர்களா?'

பெயர் கிடைக்கவில்லை என்றால், அந்த இடத்தில் பார்வைக்கு உள்ள பெயர்களோடு எடிட் தூரத்தை (ஒன்றை மற்றொன்றாக்க எத்தனை எழுத்துத் திருத்தம் வேண்டும் என்ற எண்ணிக்கையை) அளந்து பாருங்கள். பெயரின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருத்தம் தேவைப்பட்டால் பரிந்துரைக்காதீர்கள். பக்கத்து எழுத்துகள் இரண்டு இடம் மாறியிருப்பதை ஒரே திருத்தமாக எண்ணுங்கள், வேகமாகத் தட்டும்போது அதுதான் அதிகம் நடக்கும். இடத்துக்கு ஏற்பவும் வடிகட்டுங்கள். புள்ளிக்குப் பிறகு என்றால் அந்த ஸ்ட்ரக்டின் உறுப்புகள் மட்டும், அழைப்பு அடைப்புக்கு முன் என்றால் ஃபங்ஷன்கள் முதலில்.

தானாகத் திருத்தும் பரிந்துரைக்குக் கிளாங் வகுத்துக்கொண்ட ஒழுங்கு எனக்குப் பிடித்தமானது. பிழையோடு திருத்தம் கொடுத்தால், அந்தத் திருத்தம் செய்யப்பட்டதாகவே கம்பைலரும் பாவித்து மேலே போக வேண்டும். வார்னிங்கோடு கொடுக்கும் திருத்தம் நிரலின் பொருளை மாற்றக் கூடாது. திருத்தம் உறுதியாகத் தெரியவில்லை என்றால் அதைக் குறிப்பாக மட்டும் சொல்லுங்கள்.

படி 10: வார்னிங்குக்கு மரியாதை

பத்தில் எட்டு வார்னிங் வீண் என்று பட்டுவிட்டால், மீதி இரண்டையும் யாரும் படிக்க மாட்டார்கள். ஒவ்வொரு வார்னிங்குக்கும் பெயர் இருக்கட்டும், அந்தப் பெயர் செய்தியின் முடிவில் தெரியட்டும், பெயரைச் சொல்லி அணைக்க முடியட்டும். நிரலிலேயே 'தெரிந்துதான் எழுதினேன்' என்று சொல்லவும் ஒரு வழி வேண்டும். இஃப்புக்குள் 'அ = ப' என்று இருந்தால் எச்சரியுங்கள், கூடுதலாக ஓர் அடைப்புக்குள் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். சிஸ்டம் ஹெடருக்குள் எழும் வார்னிங்கை இயல்பாகக் காட்ட வேண்டாம், படிப்பவரால் அதைத் திருத்த முடியாது.

படி 11: செய்திகளுக்கும் சோதனை எழுதுங்கள்

தவறான நிரல்களைக் கொண்ட ஒரு கோப்புறையை வைத்து, எந்த வரியில் எந்தச் செய்தி வர வேண்டும் என்று அந்த வரியிலேயே கமென்ட்டாக எழுதுங்கள். வர வேண்டியது வராவிட்டாலும் தோல்வி, வரக் கூடாதது வந்தாலும் தோல்வி. இரண்டாவதுதான் படி 4-ஐக் காவல் காக்கும்.

இதோடு, எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை ஒன்றைச் சொல்கிறேன். சரியான நிரல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு டோக்கனை நீக்கிக் கம்பைல் செய்யும் ஸ்கிரிப்டை எழுதுங்கள். இரண்டு எண்களைப் பதியுங்கள்: எத்தனை செய்திகள் வந்தன, முதல் செய்தி சுட்டிய வரிக்கும் டோக்கன் நீக்கிய வரிக்கும் இடைவெளி எவ்வளவு. 300 வரி நிரலிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் கிடைத்துவிடும். கம்பைலர் தொங்கிப்போனவை, விழுந்துபோனவை முதலில் வெளிவரும், அவற்றைச் சரிசெய்யுங்கள். பிறகு இடைவெளியின்படி வரிசைப்படுத்தி, உச்சியில் உள்ள இருபதை மட்டும் கையால் படியுங்கள். நான் செய்தபோது அந்த இருபதில் பெரும்பாலானவை பிரேஸ் நீக்கியவை. படி 3-இல் சொன்ன இன்டென்டேஷன் ஸ்டாக்கை அதைப் பார்த்த பிறகுதான் எழுதினேன்.